அக்காவின் முட்டிவலி

சூடாக இருக்கிறது. மடியில் வைத்திருக்கும் டப்பாவின் அடிப்பாகம் பையின் துணியைத் தாண்டி, பேன்ட்டைத் தாண்டி, தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சூடாகப் படுகிறது. வெயில்தான். ஆட்டோவின் பக்கவாட்டிலிருந்து முன்மதிய வெயில் நேரே மடியில் விழுகிறது, வெயிலாகத்தான் இருக்கும். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில், அந்த ஏசி குளிரில், நர்ஸ் இதைக் கையில் கொடுத்தபோதே சூடு இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகத்தில் கை இருக்கிறது, டப்பா இருக்கிறது, சூடு இருந்ததா என்பது மட்டும் இல்லை. இருந்திருந்தால் அது அக்காவின் சூடு. உடம்பை விட்டு வெளியே வந்த ஒன்று எவ்வளவு நேரம் அந்த உடம்பின் சூட்டை வைத்துக்கொண்டிருக்கும்? மேலே ஊற்றியிருக்கிற மருந்துத் தண்ணீர் குளிர்ந்ததுதானே, இந்நேரம் ஆறியிருக்காதா? “சாப்பாடா சார்?” என்கிறார் ஆட்டோக்காரர், கண்ணாடியில் என்னைப் பார்த்து. “சாயாமப் பிடிச்சுக்குங்க. ரோட்டத் தோண்டிப் போட்டிருக்கான், குலுக்கும்.” ம் என்கிறேன். சாப்பாடு இல்லை என்றால் பின்னே என்ன என்று சொல்ல வேண்டும். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறும்போது உள்ளே அது மெதுவாக ஒரு பக்கம் போய் இடித்துத் திரும்புவது கைக்குத் தெரிகிறது. மங்கையர்க்கரசி, பெண், ஐம்பத்திரண்டு என்று டப்பாவின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். அவளுடைய கர்ப்பப்பையும் இரண்டு பக்கத்துச் சினைப்பைகளும், இடது பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்திருந்த கட்டியும் என் மடியில் இருக்கின்றன. அக்கா மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு மருத்துவமனையில் மயக்கத்தில் படுத்திருக்கிறாள். அம்மா தெருப் பெண்களோடு வேன் ஏறிக் கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருக்கிறாள். இது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது.

இப்படித்தான் நடைமுறை என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்தது எனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. தியேட்டர் கதவு திறந்து, “மங்கையர்க்கரசி கூட வந்தவங்க யாரு?” என்று கூப்பிட்டதும் ஓடினேன், நல்லபடியாக முடிந்துவிட்டது என்ற ஒரு வரியை வாங்கிக்கொள்ளத்தான் ஓடினேன். டாக்டரம்மா முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு வளைந்த எவர்சில்வர் தட்டை என் முன்னால் நீட்டினார். “பாத்துக்குங்க. இது யூட்ரஸ். இது ரைட் சைடு, நல்லா இருக்கு. இதுதான் நான் சொன்னது.” கையுறை விரலால் தொட்டுத் திருப்பிக் காட்டினார், மீன்கடையில் செவுளைத் தூக்கிக் காட்டுவதுபோல, அப்படித் தோன்றிய உடனே கூச்சமாக இருந்தது. சின்னதாக இருந்தது. ஒரு பேரிக்காய் அளவுகூட வராது. இதற்காகவா மாதாமாதம் அந்த வலி, சுருண்டு படுத்துக்கொண்டு வெந்நீர்ப் பையைக் கேட்டது, பள்ளிக்கூடத்துக்கு லீவு போடாமல் போனது? “பேஷண்ட் நல்லா இருக்காங்க. கட்டியப் பாத்தா எனக்குக் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்கு. வெட்டிப் பாத்துச் சொல்லட்டும், அதுவரைக்கும் நாம ஒண்ணும் நினைச்சுக்க வேணாம்.” நாம என்றார். அந்த நாமவில் எனக்கு ஒரு பிடிப்பு கிடைத்தது, கதவு மூடியதும் போய்விட்டது. பிறகு நர்ஸ் டப்பாவோடு வந்தாள். இதைப் பரிசோதனைக்கு லேபில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். யார், நானா? “ஆமா சார். ரத்தம் யூரின்னா இங்கயே பாத்துருவோம். இது வெளிய போகணும். எல்லாரும் அவங்கவங்கதான் கொண்டுபோய்க் குடுப்பாங்க.” பிறகு காய்கறிக் கடையில் கேட்பதுபோல, “பை இருக்கா சார்?” பை இருந்தது. ஸ்டெல்லா டீச்சர் எங்கள் கூடைக்குள் கையை விட்டு பிளாஸ்க்கையும் துண்டையும் தள்ளி ஒரு தாம்பூலப் பையை உருவி உதறினார், உள்ளிருந்து உலர்ந்த வெற்றிலைக் காம்பு ஒன்று விழுந்தது. அக்கா வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை அவர், கழுத்தில் விசில் தொங்காதபோதும் தொங்குவதுபோலவே பேசுவார். “நீங்க கிளம்புங்க தம்பி. மங்கை முழிச்சா நான் இருக்கேன். இத வச்சுக்கிட்டு எங்கயும் நிக்காதீங்க, டீ குடிக்கக்கூட நிக்காதீங்க. நேரா போயி நேரா வாங்க.” சரிங்க டீச்சர் என்றேன், நாற்பத்தெட்டு வயதில், வரிசையில் நிற்கிற பையனைப் போல.

பிருந்தா – இளமாறன் என்று பையில் ரோஸ் நிறத்தில் அச்சடித்திருக்கிறது. கீழே கூப்பிய இரண்டு கை, வருகைக்கு நன்றி. யார் இந்தப் பிருந்தா? போன மாதம் கும்பகோணத்தில் நாங்கள் மூன்று பேரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்த கல்யாணம், அக்காவிடம் படித்த பெண். அன்றைக்குக் காலையில் ஸ்கேன், மாலையில் ரிசப்ஷன். ஸ்கேன் எடுத்தவர் பேச்சை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்து அழுத்தினார் என்று பஸ்ஸில் எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள் அக்கா. சொல்லிவிட்டு முன்சீட்டிலிருந்த அம்மாவின் தோளைத் தட்டி, “பீடா உண்டாம்மா? இவங்க சொந்தத்துல போன கல்யாணத்துக்கு வெறும் வாழைப்பழத்தோட முடிச்சுட்டாங்க” என்றாள். அந்த மாதம் முழுக்க அப்படித்தான். ஒரு நாள் ரத்தப் பரிசோதனை என்றால் மறுநாள் கல்லணை. டாக்டரம்மா தேதி குறித்துக் கொடுத்த அன்றைக்குப் பொருட்காட்சி. அம்மா டெல்லி அப்பளம் கேட்டாள், கையில் வாங்கியதும் அவள் முகமே அதற்குப் பின்னால் மறைந்தது, அக்கா சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தாள், அவள் கைப்பையிலிருந்து ஸ்கேன் உறையின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, நான் அதை உள்ளே தள்ளினேன். எது முதலில் எது பிறகு என்பது இப்போது எனக்குக் கலந்துவிட்டது. தரங்கம்பாடியில் கடலைப் பார்க்கும்போது ஈசிஜி அறையின் ஜெல் வாடை வந்தது, மயக்க மருந்து டாக்டரிடம் உட்கார்ந்திருந்தபோது வாயில் உப்புக் காற்று கரித்தது. எங்கள் வீட்டில் ஊர் சுற்றுகிற வழக்கமே கிடையாது. “என்னடி இது, இந்த வருஷம் எல்லார் கால்லயும் சக்கரம் கட்டி விட்டாப்புல இருக்கு” என்றாள் அம்மா. “தம்பி வந்திருக்கான்ல, அவனுக்கு ஊரக் காட்ட வேணாமா?” என்றாள் அக்கா. எனக்கு எதையும் காட்டவில்லை அவள். அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா இடத்திலும் முதலில் இறங்கினாள், கடைசியில் ஏறினாள், கல்லணையில் தண்ணீர் மதகுக்குள் போகிற இடத்தில் நின்றுகொண்டு பஸ் ஹாரன் அடித்தும் திரும்பவில்லை. என்னக்கா என்று பக்கத்தில் போனால், “ஒண்ணுமில்ல. சத்தம் நல்லா இருக்கு” என்றாள்.

ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு அம்மாவிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்தது. அம்மாவுக்கு எழுபத்தேழு வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அதிர்ச்சி தருகிற மாதிரி எதையும் சொல்லாதீர்கள் என்று அப்போது டாக்டர் சொன்னதை அக்கா அப்படியே பிடித்துக்கொண்டாள், மோட்டார் கெட்டுப்போனால்கூட சரியான பிறகுதான் அம்மாவுக்குச் சேதி போகும். யோசித்து யோசித்து முட்டி என்று முடிவு செய்தாள். “அம்பது தாண்டின டீச்சருக்கு முட்டிவலி இல்லன்னாத்தான்டா சந்தேகம் வரும். முட்டிவலியால செத்தவங்க யாரும் இல்ல. அம்மா நிம்மதியாக் கவலைப்படும்.” முட்டிக்குள் ஊசி போடுகிறார்கள், இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் கொஞ்ச நாள் மாடி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தாதது நொண்டல் மட்டும்தான். அம்மா எதிரில் இருக்கும்போது நொண்ட வேண்டும் என்பது அவளுக்குப் பாதி நேரம் மறந்துபோகும், ஞாபகம் வந்ததும் எந்தக் கால் என்பது மறந்துபோகும். தரங்கம்பாடியில் முழங்கால் வரை தண்ணீரில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள், மணலில் உட்கார்ந்திருந்த அம்மா, “முட்டி முட்டின்னுட்டு அங்க என்னடி கூத்து?” என்று கத்தியதும் தலையைக் குனிந்துகொண்டு நொண்டியபடி வந்தாள், காலையில் வலது கால், இப்போது இடது கால். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து புடவைக் கரையைப் பிழிந்தாள். “எந்தக் கால்னு நீ ஞாபகம் வச்சுக்க மாட்டியா? எதுக்கு வந்திருக்க?” சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சிரிப்பு அடங்கினதும் கடலைப் பார்த்தபடி வேறு ஒரு குரலில், “அம்மா கோயிலுக்குப் போயிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிக்கட்டும். அதுக்கப்புறம் நானே சொல்றேன். நீ வாயத் தொறக்காத. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அம்மாவத் தூக்கிக்கிட்டு ஓட நான் எழுந்து வர முடியாது, பாத்துக்க” என்றாள். வேனில் அம்மாவுக்கு இடம் பிடித்ததும் அவள்தான், அம்மாவின் மாத்திரைகளைக் காலை மதியம் என்று பொட்டலம் கட்டி வைத்ததும் அவள்தான். அதே கையோடு தன் வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். விடியற்காலையில் அம்மாவை வேன் ஏற்றிவிட்டு, வேன் தெருமுனை திரும்பியதும், நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தோம்.

எட்டாம் வகுப்பு வரை தமிழில், பிறகு ஆங்கிலத்தில் படித்தவன் நான். உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கிலத்தில் தெரிந்தது, பயப்படுவது மட்டும் தமிழில். ஓவரி என்றால் பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்ட ஒரு படம், பக்கத்தைத் திருப்பிவிட்டால் போய்விடும். சினைப்பை என்றால் சினை மீன் ஞாபகம் வருகிறது, அம்மா அதைத் தனியாக எடுத்து வறுத்து அக்காவுக்குத்தான் வைப்பாள், பொம்பளப் பிள்ளைக்கு நல்லது என்பாள், நல்லதுதான் ஆனது. வரன்கள் வந்தன. ஒன்றை அக்கா வேண்டாம் என்றாள், ஒன்றை அவர்கள் வேண்டாம் என்றார்கள், இழுத்துக்கொண்டே போனதில் அப்பா இறந்தார், பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. வருத்தம் உண்டா என்று நான் கேட்டதில்லை. கேட்கிற மாதிரியான வீடு இல்லை எங்களுடையது. நான் ஹாம்பர்கில் இருந்தேன், துறைமுகத்தில் பளு தூக்கிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டு. வேலை போனதும் திரும்பினேன், திருமணம் அதற்கு முன்னாலேயே போயிருந்தது. வந்த அன்றைக்கு அக்கா என் பெட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள், நான் தூக்கறேன் என்றால் விடவில்லை, அப்போதே இது உள்ளே இருந்திருக்கும், கடுகு அளவிலோ மிளகு அளவிலோ, பெட்டியோடு மாடி ஏறியிருக்கும். காலையில் ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா டீச்சரிடம் அவள் சொன்னது கேட்டது: “இத்தன வருஷம் வாடகை குடுக்காம குடியிருந்துச்சு டீச்சர். காலி பண்ணுன்னா கோவிச்சுக்கிட்டுக் கட்டி கட்டிருச்சு.” டீச்சர் சிரிக்கவில்லை. “வாய மூடு மங்கை” என்று சொல்லிவிட்டு அவள் தலையை இழுத்துப் பின்ன ஆரம்பித்தார். காலி செய்துவிட்டார்கள். காலி செய்ததை ஒரு கல்யாணப் பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார்கள். யாரும் குடிவராத வீடு என்று நினைக்கத் தொடங்கி, சே, இது என்ன நினைப்பு, வீடும் இல்லை குடியும் இல்லை, அவள் உடம்பில் ஒரு பகுதி, அவ்வளவுதான், பித்தப்பையை எடுத்திருந்தால் இப்படியெல்லாம் தோன்றுமா? தோன்றாது. அந்தக் கட்டி மட்டும்தான் இப்போது பொருட்டு. அது என்ன என்பது இந்த டப்பாவுக்குள் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. எனக்குத் தெரியாதது எதுவோ அது என் கைக்குள்ளேயே இருக்கிறது, மூடியைத் திறந்து பார்த்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. புது ஆற்றுப் பாலத்தில் நெரிசல். தண்ணீர் ஓடுகிறது. கீழே ஒருவன் எருமையைக் குளிப்பாட்டுகிறான், எருமை கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. போன் அடிக்கிறது. அம்மா.

“சேதுவா? கேக்குதா? இங்க ஒரே கூட்டம்.” கேக்குதும்மா. ஆட்டோக்காரருக்கும் கேட்கும், அம்மா போனில் அடுத்த ஊருக்குப் பேசுவதுபோலத்தான் எப்போதும் பேசுவாள். “வைத்தீஸ்வரன் கோயில்ல இருக்கோம். அவளுக்கு ஊசி போட்டாச்சா?” போட்டாச்சும்மா. “வலிச்சுதாமா?” இல்லம்மா, தூங்குறா. அது ஒன்றுதான் நான் சொன்னதில் உண்மை, அதனால் அந்த வார்த்தை மட்டும் வாயிலிருந்து சுலபமாக வந்தது. “தூங்கட்டும், எழுப்பாத. நீ சாப்பிட்டியா? ஆஸ்பத்திரி கேன்டீன்ல தயிர்சாதம் மட்டும் வாங்காத, புளிச்சிருக்கும். சரி, இதக் கேளு. இங்க தகடு விக்கிறாங்கடா. கை, கால், கண்ணு எல்லாம் வெள்ளித் தகட்டுல அடிச்சு வச்சிருக்கான். எங்க நோவோ அத வாங்கி சாமிய வேண்டிக்கிட்டு உண்டியல்ல போட்டா சரியாப் போயிரும். அவளுக்குக் கால் வாங்கப் போறேன். ஒத்தக் காலும் இருக்கு, ஜோடிக் காலும் இருக்கு. அவளுக்கு ஒரு முட்டியா, ரெண்டு முட்டியுமா?” சரிகிற பையை இழுத்து நிமிர்த்துகிறேன். “நானும் பாக்குறேன், ஒரு நா இந்தக் கால நொண்டுறா, ஒரு நா அந்தக் கால நொண்டுறா. கேட்டா ஒழுங்கா பதில் சொல்ல மாட்டேங்கிறா. டாக்டரு உங்கிட்ட சொல்லியிருப்பாருல்ல?” கேட்டுச் சொல்றேம்மா என்கிறேன். “யாரக் கேப்ப? அவதான் தூங்குறாளே.” டாக்டரத்தாம்மா. “சீக்கிரம் கேளு. உச்சிகாலம் ஆச்சுன்னா நடை சாத்திருவான். வேன்காரன் வேற பறக்குறான்.” வைத்துவிட்டாள். வைத்தது சரியாக விழவில்லை, கொஞ்ச நேரம் யாரோ சுண்டல் கேட்பது கேட்டது, பிறகு அதுவும் நின்றது. “ஜோடியாவே வாங்கச் சொல்லிருங்க சார்” என்கிறார் ஆட்டோக்காரர். “எதுக்கு வம்பு.”

ஜோடியாகவே வாங்கச் சொல்லிவிடலாம். அதுதான் புத்திசாலித்தனம். இதில் என்ன இருக்கிறது, தகரத்தில் அடித்த ஒரு கால். நான் சாமி கும்பிட்டு வெகுகாலம் ஆகிறது, கும்பிடாமல் விட்டதுகூட ஒரு முடிவாக இல்லை, ஹாம்பர்கில் ஈரக் கையை உதறுவதுபோல எப்போதோ உதறியிருக்கிறேன். சாமி என்று ஒன்று இருந்தால் முட்டி எது, சினைப்பை எது என்று அதற்குத் தெரியும், தகட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. இல்லையென்றால் கால் போட்டால் என்ன, கண் போட்டால் என்ன? இரண்டில் எதுவானாலும் கவலை இல்லை. கவலை இல்லை என்று ஆனபிறகும் ஏன் கை இப்படி டப்பாவை இறுக்கிப் பிடிக்கிறது? வலப்பக்கம் பெரிய கோயில் மதில் வருகிறது, பள்ளிப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கை கோத்து உள்ளே போகிறார்கள், சுற்றுலா, பின்னால் ஒரு டீச்சர் குடையை ஆட்டி ஆட்டி எண்ணுகிறாள், அக்காவும் வருஷா வருஷம் இப்படித்தான் கூட்டிக்கொண்டு வருவாள், ஒரு பிள்ளை குறைந்தாலும் அவள் கழுத்து நரம்பு புடைக்கும். சாமி விஷயம் இல்லை இது. அம்மா விஷயம். அம்மா இன்றைக்கு மகளுக்காக வேண்டப் போகிறாள், அரைகுறையாக அவளுக்கு வேண்டத் தெரியாது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உதடு துடிக்க நின்றால் பின்னால் வரிசை கத்தினாலும் நகர மாட்டாள். அப்பாவுக்காக அப்படி நின்றாள், எனக்கு வேலை கிடைக்க நின்றாள். அந்த வேண்டுதல் முழுவதும் இப்போது போய் ஒரு முட்டியில் இறங்கப் போகிறது. வலியே இல்லாத, நோயே இல்லாத, தரங்கம்பாடித் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்த நல்ல முட்டியில். இது இங்கே என் மடியில் கேட்பாரற்றுக் கிடக்கும். நாளைக்கு லேபிலிருந்து எந்தச் சேதி வந்தாலும், அன்றைக்கு நான் எதற்குக் கால் போட்டேன் என்று அம்மா கேட்பாள். என்னிடம் கேட்க மாட்டாள். ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு தன்னிடமே கேட்பாள். அது கேட்காமலே எனக்கு இப்போதே கேட்கிறது. ஆனால் சொன்னால்? கூட்டத்தில், வெயிலில், காலை மாத்திரை போட்டாளோ இல்லையோ, அந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால்? தெருப் பெண்கள் நாலு பேரும் வேன்காரனும் என்ன செய்வார்கள்? அக்கா கண் விழித்து முதலில் அம்மா எங்கே என்றுதான் கேட்பாள். அப்போது நான் என்ன முகத்தோடு நிற்பேன்? ஜோடியாகவே வாங்கச் சொல்லிவிடலாம். ஜோடியாகவே. “இந்தச் சந்துதானே சார்?” ஆமாம், இந்தச் சந்துதான்.

லேப் மாடியில் இருக்கிறது. படியேறும்போது டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறேன் என்பது மேலே கண்ணாடிக் கதவில் என்னைப் பார்த்தபோதுதான் தெரிகிறது. கவுன்ட்டரில் இருக்கும் பெண் தலையில் கனகாம்பரம் வைத்திருக்கிறாள், போனில் யாரிடமோ, “வெண்டைக்கா வேணாம்மா, நேத்துதானே வச்ச” என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுகிறாள். பையோடு கொடுக்கிறேன். டப்பாவை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கி ஒரு தடவை சாய்த்துப் பார்க்கிறாள், மூடியை இன்னும் ஒரு சுற்று இறுக்குகிறாள். “நல்லா முங்கியிருக்கு. எந்த டாக்டரு?” சொல்கிறேன். “உங்களுக்கு அவங்க என்ன வேணும்?” அக்கா. “கூடப் பொறந்த அக்காவா?” அந்தக் கேள்விக்கு அவளிடம் வேறு காரணம் எதுவும் இல்லை, சும்மா கேட்கிறாள், தலையை ஆட்டுகிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள். “ஒரு வாரம் ஆகும் சார். நாங்களே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம், நீங்க அலைய வேணாம்.” பின்னால் ஒரு மேஜையில் வேறு டப்பாக்கள் இருக்கின்றன, பெரிதும் சிறிதுமாக. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஆட்டோவிலோ ஸ்கூட்டரிலோ மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பார். அக்காவுடையதை அவற்றோடு கொண்டுபோய் வைக்கிறாள். வைத்ததும் எது அக்காவுடையது என்று ஒரு கணம் எனக்குப் பிடிபடவில்லை, பயந்து, பிறகு அந்த நீல மூடியைக் கண்டுபிடித்துவிடுகிறேன். “பைய எடுத்துக்குங்க சார்.” வாங்கிக்கொள்கிறேன். பையில் கனம் இல்லை. இறங்கும்போது பாதிப் படியில் கால் நின்றுவிடுகிறது, ஏதோ மறந்துவிட்டு வந்ததுபோல, திரும்பி ஏறி எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும்போல. அவர்கள் வெட்டுவார்கள். மெல்லியதாக, கண்ணாடிச் சில்லில் ஒட்டுகிற அளவுக்கு. வலிக்காது. அவளுக்கு வலிக்காது, மயக்கம் தெளிந்தாலும் வலிக்காது. இதற்கெல்லாம் அவளோடு இனிச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சம்பந்தம் முழுக்க இதில்தான் இருக்கிறது. ஒரு வாரம் இது இங்கே தனியாக இருக்கும். தனியாக என்று தோன்றியதும் போனை எடுத்துவிட்டேன். யோசித்து எடுக்கவில்லை, விரல் அம்மாவின் எண்ணை அழுத்தியபிறகுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது, அப்போதும் வைத்துவிட்டிருக்கலாம்.

முதல் மணியிலேயே எடுக்கிறாள், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். “சொல்லுடா. ஒத்தையா ஜோடியா?” கால் வேணாம்மா. “வேணாமா? முழிச்சுட்டாளா? வேணாங்கிறாளா? அவ அப்படித்தான் சொல்லுவா, நான் வாங்கத்தான் போறேன்.” அம்மா, வயிறு இருந்தா வாங்கு. சொல்லியாகிவிட்டது. எவ்வளவு சின்ன வாக்கியம். படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். அந்தப் பக்கம் மணி அடிக்கிறது, ஒரு குழந்தை அழுகிறது, யாரோ உப்பு மிளகு உப்பு மிளகு என்று கூவி விற்கிறான். “யாருக்கு?” என்கிறாள் அம்மா. அக்காவுக்குத்தாம்மா. மூச்சு கேட்கிறதா என்று போனைக் காதோடு அழுத்துகிறேன், என் மூச்சுதான் கேட்கிறது, அதை அடக்கிக்கொண்டு கேட்கிறேன். அம்மா, என்கிறேன். அம்மா. “இரு.” அவள் குரல்தான், தாழ்ந்திருக்கிறது, எனக்குப் பழக்கமில்லாத அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. நல்லாத்தாம்மா இருக்கா, டாக்டர் சொன்னாங்க, ஒண்ணும் இல்ல, வந்து, என்று நான் தொடங்குவதற்குள், “இப்ப எதுவும் சொல்லாத. அழுதுக்கிட்டே போடக் கூடாது. போட்டுட்டு வந்து கேட்டுக்கறேன்” என்கிறாள். பிறகு போனை விட்டு விலகிய குரலில், “ஏம்ப்பா, இந்தக் கால நீயே வச்சுக்க. வயித்தக் குடு. இது வேணாம், மூலை மடங்கியிருக்கு பாரு. வேற எடு. நல்லதா எடு.” தகடுகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். போனை அணைக்கவில்லை அவள், அப்படியே கைப்பைக்குள் போட்டுவிட்டாள் போலிருக்கிறது, சாவியோ திருநீற்றுப் பொட்டலமோ எதுவோ போனில் இடிக்கிறது, மாத்திரைப் பட்டை நொறுங்குகிறது. “தள்ளிக்குங்கம்மா. நடை சாத்தப் போறான். கொஞ்சம் வழி விடுங்க, எம்பொண்ணுக்கு.” யாரோ திட்டுகிறார்கள். அவள் திரும்பத் திரும்ப அதையே சொல்கிறாள், எம்பொண்ணுக்கு, எம்பொண்ணுக்கு. கைப்பை இடுப்பில் மோதுகிற சத்தம் வேகமாகிறது, இன்னும் வேகமாகிறது, அம்மா ஓடுகிறாள். ஓடாதம்மா என்கிறேன். பைக்குள் இருக்கிற போனில் நான் பேசுவது அவளுக்குக் கேட்காது. ஓடாதம்மா என்று மறுபடியும் சொல்கிறேன், படியில் எனக்கு எதிரே ஏறி வருகிறவர் ஒதுங்கி வழி விடுகிறார்.